அனிமேஷன் படிக்க எங்க சேரலாம், மாமா?

போன மாசம் மேலூர்ல இருந்து அக்கா மகன் வந்திருந்தான். பன்னெண்டாவது முடிச்சிட்டான். கையில மூணு வழவழ நோட்டீஸ். மூணுலயும் ஒரு டிராகன், ஒரு ரேஸ் கார், காதுல ஹெட்போன் மாட்டின ஒரு பொண்ணு. "மாமா, அனிமேஷன் படிக்கணும். இல்லைன்னா கேம் ஆர்ட். எங்க சேரலாம்?"ன்னு கேட்டான்.

அவன் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அக்காகிட்ட இருந்து போன். "தம்பி, அவன் சொல்ற எடத்துல கேக்குற காசுக்கு என் கழுத்துல கெடக்குறத வச்சாலும் பத்தாதுடா. ஒங்க மச்சான் பேங்க்ல லோன் போடலாம்ங்கிறாரு. நீதான் பொழுதன்னைக்கும் கம்ப்யூட்டர்லயே கெடப்பியே, பாத்துச் சொல்லு."

நான் கம்ப்யூட்டர்ல கிடக்கிறது உங்களை மாதிரி ஆளுங்களோட மல்லுக்கட்டத்தான்னு அக்காவுக்கு எப்படிப் புரிய வைக்க :-)

எனக்கு அனிமேஷன் தெரியாது. ஆனா பழைய கதையைத் தோண்டுற பழக்கம் உண்டு. இந்தத் தெற்குச் சீமைப் பிள்ளைகள் இதுவரைக்கும் படம் போட எப்படிக் கத்துக்கிட்டாங்க, யார் சொல்லிக் கொடுத்தா, என்ன செலவாச்சு, படிச்சவங்க பிழைச்சாங்களா? இதைத் தெரிஞ்சுக்கிட்டா மருமகனுக்குப் பதில் சொல்லிடலாம்னு தோணுச்சு. அப்படித் தேடினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டில் படம் போடுறதை ஒரு பாடமாக வைத்துப் பள்ளிக்கூடம் தொடங்கியது ஓவியர் இல்லை, ஒரு டாக்டர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார அறுவை மருத்துவர் 1850-ல் சென்னையில் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்தார். கொஞ்ச நாளிலேயே அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. 'கலைக்காக கலை' எல்லாம் அங்கே கிடையாது. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை, அச்சுக்குப் படம் வரைவது என்று கைத்தொழிலோடு ஒட்டித்தான் பாடம். இன்றைக்கு எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவர் ஆனார். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்களே, அதைச் செய்தவர். அவருக்கு அடுத்து 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. படித்து முடித்தால் சோறு எங்கே? ஓவியம் வாங்க ஆள் இல்லை. அவர்கள் பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். காலையில் பிழைப்புக்கு ஒரு வேலை, மிச்ச நேரத்தில் தன் ஓவியம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இந்தக் கல்லூரிக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம்? ட்ராட்ஸ்கி மருது. (ட்ராட்ஸ்கி மேல இருந்த பற்றுல அப்பா வச்ச பேரு.) 1953-ல் மதுரையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, தமிழ்ப் பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் போட்டு, அப்புறம் கம்ப்யூட்டர் வந்தபோது பயப்படாமல் அதையும் கையில் எடுத்தவர். தமிழ் சினிமாவில் கம்ப்யூட்டர் வரைகலையை ஆரம்பத்திலேயே தொட்ட ஓவியர்களில் அவர் ஒருவர். அவர் கல்லூரியில் படித்த காலத்தில் அனிமேஷன் மென்பொருள் என்ற பேச்சே கிடையாது. கத்துக்கிட்டது மனுச உடம்பு, குதிரை, வெளிச்சம், நிழல். மென்பொருள் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

கோவில்பட்டி குருகுலம்

மருமகன் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கதை மதுரைக்குத் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டைய ராஜு.

உங்க வீட்டுப் பழைய காலண்டரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதலை காலைக் கவ்வ யானை தும்பிக்கையில் தாமரையைத் தூக்கி நிற்கும் கஜேந்திர மோட்சம். மீனாட்சி கையைப் பிடித்துப் பெருமாள் தாரை வார்த்துக் கொடுக்கும் திருக்கல்யாணம். நாம சாமி கும்பிடும்போது கண்ணுக்குள்ள வர்ற முகமே அந்தக் காலண்டர் முகம்தான். அதில் பெரும்பங்கு கொண்டைய ராஜுவிடமிருந்தும் அவர் மாணவர்களிடமிருந்தும் வந்தது.

1898-ல் பிறந்தவர். மேலே சொன்ன அதே சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனியில் சீன் படுதா வரையும் வேலை. தர்பார், காடு, தெரு, கோயில் என்று ராத்திரி நாடகத்துக்குப் பகலில் படுதா எழுதணும். இன்றைக்கு கேம் கம்பெனியில் 'பேக்ரவுண்ட் ஆர்ட்', 'என்விரான்மென்ட் ஆர்ட்' என்று சொல்கிறார்களே, அதே வேலைதான். துணியில் செய்தார்கள், அவ்வளவுதான்.

நாடகக் கம்பெனி கலைந்தபோது, 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது. குடும்பங்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வரும். பின்னாடி தொங்குகிற படுதா அவர் எழுதியது. பக்கத்தில் சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்த கதை நமக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தபின் அதற்குத் தீனியாகக் காலண்டர் வேண்டும், காலண்டருக்குப் படம் வேண்டும். அந்தப் படத்துக்கு ஆள் கோவில்பட்டியில் இருந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளாத மனுசன். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், செண்பகராமன் என்று பின்னாளில் காலண்டர் மூலையில் கையெழுத்துப் போட்ட பலர் அவரிடம் வந்தவர்கள்தான். கட்டணம், சான்றிதழ், பட்டமளிப்பு விழா எதுவும் கிடையாது. கூட இருக்கணும், வேலை செய்யணும், பார்த்துக் கத்துக்கணும். 1976-ல் அவர் இறந்த பிறகும் அந்த மாணவர்கள் கை சிவகாசி அச்சகங்களுக்குப் படம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. அங்கே படிப்பும் ஆர்டரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. மாணவன் போட்ட படம் அடுத்த தை மாசம் யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவரில் தொங்கும். நல்லா இல்லைன்னா அச்சகத்துக்காரர் திருப்பி அனுப்பிடுவார். அதைவிடக் கறாரான பரீட்சை உண்டா?

பேனர் கட்டின ஊர்

மதுரைக்கு வருவோம். அரசு இசைக் கல்லூரி இங்கே உண்டு. ஓவியத்துக்கு அரசுக் கல்லூரி கிடையாது. சுவரெல்லாம் தூணெல்லாம் கலையாக இருக்கிற ஊரில் இப்படி ஒரு குறை. கும்பகோணத்தில் இருக்கு, சென்னையில் இருக்கு, சிற்பத்துக்கு மாமல்லபுரத்தில் 1957-ல் இருந்து இருக்கு. நமக்கு இல்லை.

ஆனா பள்ளிக்கூடம் இல்லாமலா இருந்தது? 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரும் மற்ற கொட்டகைகளும் இருந்த காலத்தில், சினிமா பேனர் எழுதும் கம்பெனிகள்தான் இந்த ஊர் ஓவியக் கல்லூரி. சின்ன ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கைக் கட்டத்தைப் பெரிய துணியில் சாக்பீஸால் போடுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் மூக்கும் மீசையும் பெரிசாகும். புதுசா வந்த பையன் முதலில் பிரஷ் கழுவணும், கலர் பவுடரை எண்ணெயில் குழைக்கணும். அப்புறம் பின்னணி அடிக்கலாம். அப்புறம் எழுத்து. அப்புறம் வேட்டி சட்டை. ஹீரோ முகம் மட்டும் மாஸ்டர் கை. அந்த முகத்தைத் தொட வருசக்கணக்காகும்.

2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. கொஞ்ச வருசத்துக்குள் அந்தத் தொழிலே காலி. எத்தனையோ பேர் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு வேற வேலைக்குப் போனார்கள். போட்டோஷாப் கத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடையிலேயே உட்கார்ந்தவர்களும் உண்டு. ஒரு கருவியை மட்டும் நம்பினால் கருவி சாகும்போது நாமும் சாவோம். கண்ணும் கையும் பழகியிருந்தால் அடுத்த கருவிக்குத் தாவலாம். மருமகனுக்கு இதை நான் ரெண்டு தடவை சொன்னேன்.

பம்பாயில் ஒரு மேசை

சரி, படம் போடுறது வேற, படத்தை அசைய வைக்கிறது வேற. அதை இந்தியாவில் யார் சொல்லிக் கொடுத்தா?

1950-களின் நடுவில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் ஒரு கார்ட்டூன் பிரிவு ஆரம்பித்தது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் பயிற்சி கொடுக்க அமெரிக்காவில் இருந்து வந்தார். அங்கே 1956-ல் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர்! மேல்படிப்புக்கு பம்பாய் போன இடத்தில் ரசாயனத்தை விட்டுவிட்டுப் பென்சிலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயிற்சியின் விளைவாக 1957-ல் 'தி பேனியன் டீர்' என்ற ஜாதகக் கதைப் படம் வந்தது. இதே ராம் மோகன்தான் பின்னாடி ஜப்பானிய இயக்குநர்களோடு சேர்ந்து, நம்மில் பலர் சின்ன வயசில் டி.வி.யில் பார்த்த அந்த ராமாயண அனிமேஷன் படத்தை இயக்கினார். 2014-ல் பத்மஸ்ரீ. 2019-ல் காலமானார்.

இங்கேயும் பாருங்க, கோவில்பட்டிக் கதைதான். வேலை தெரிந்த ஒருத்தர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து திருத்துகிறார். கத்துக்கொள்கிறவர்கள் பயிற்சிக்காக மட்டும் வரையவில்லை, திரையில் ஓடப்போகிற ஒரு படத்துக்காக வரைகிறார்கள்.

அசைய வைப்பது எவ்வளவு வேலை என்று ஒரு கணக்கு. திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகம். பத்து வினாடிக்கு 240. ஒரே படத்தை ரெண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும் 120 படம். இப்போ கம்ப்யூட்டர் பாதி வேலையைச் செய்யும், ஆனால் எந்த நொடியில் எது நகரணும் என்று முடிவு செய்யும் கண் மனுசனுக்குத்தான் வேணும்.

சென்னை, 2000

அடுத்த அத்தியாயம் பங்குச் சந்தை வெடிவெடித்த காலம். சென்னையில் பென்டாஃபோர், பின்னாளில் பென்டாமீடியா கிராபிக்ஸ். 'ஜீன்ஸ்' படத்தில் (1998) ரெண்டு ஐஸ்வர்யா ஆடினதை வாயைப் பிளந்து பார்த்தோமே, அந்த மாதிரி வேலைகளால் பேர் வாங்கின கம்பெனி. 2000-ல் 'பாண்டவாஸ்' என்ற முழுநீள முப்பரிமாண அனிமேஷன் படத்தை எடுத்து, சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கினார்கள். அதே வருசம் வெளிவந்த 'சிந்துபாத்', நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து கதாபாத்திரங்களுக்கு ஏற்றும் 'மோஷன் கேப்சர்' முறையில் எடுக்கப்பட்ட உலகத்தின் ஆரம்பகால முழுநீளப் படங்களில் ஒன்று. நம்ம சென்னையில்!

அப்புறம் சந்தை சரிந்தது. பங்கு விலை பாதாளத்துக்குப் போனது. 'அலிபாபா', 'கலிவர்' என்று சில படங்கள் வந்தன, பழைய ஜொலிப்பு திரும்பவில்லை. 2007-ல் தமிழின் முதல் முழுநீள முப்பரிமாண அனிமேஷன் என்று 'இனிமே நாங்கதான்' வந்தது. இசை இளையராஜா. 2014-ல் ரஜினியை வைத்து 'கோச்சடையான்'. ஒவ்வொரு தடவையும் "இனிமே தமிழ்நாட்டில் அனிமேஷன்தான்" என்று பேச்சு கிளம்பும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சுக்குப் பின்னாடியே பயிற்சி மையங்கள் முளைக்கும்.

மாடிப்படி ஏறிய பிள்ளைகள்

மதுரையிலும் முளைத்தன. கே.கே.நகர், அண்ணா நகர், பைபாஸ் ரோடு, கோரிப்பாளையம் பக்கமெல்லாம் முதல் மாடியில் கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலில் டிராகன். இதில் நல்லதும் இருந்தது, நல்ல வாத்தியார்களும் இருந்தார்கள். அங்கே படித்துவிட்டு சென்னை, ஐதராபாத், பெங்களூரு போய் நல்லா இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை.

ஆனா என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தர் மகன் கதையும் எனக்குத் தெரியும். (எந்த மையம்னு கேக்காதீங்க.) மொத்தக் கட்டணத்துக்கும் ஒரு தனியார் நிதிக் கம்பெனியில் கடன் போட்டுக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டது அப்பா. காசு மொத்தமும் முதல் மாசமே மையத்துக்குப் போய்விட்டது. முதல் வருசத்தில் மூணு வாத்தியார் மாறினார்கள். ரெண்டாம் வருசம் ஒரு திங்கக்கிழமை போனால் கதவில் பூட்டு. மையம் மூடினாலும் கடன் மூடவில்லை. அவர் மூணு வருசம் தவணை கட்டினார். பையன் இப்போ கல்யாண வீடியோ எடிட்டிங். கெட்டிக்காரப் பையன், பிழைச்சுக்கிட்டான். ஆனா அந்த வேலைக்கு அவ்வளவு பணம் தேவையே இல்லை.

பட்டம் விஷயத்திலும் இப்படித்தான் கூத்து. மையத்தில் படித்தால் எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் என்று ரொம்ப நாள் ஓடியது. 2013 ஜூனில் யூ.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக்கூடாது, தனியார் மையங்களுக்கு ஃப்ரான்சைஸ் கொடுத்துப் பட்டம் வழங்கக்கூடாது என்று. ஏற்கனவே சேர்ந்திருந்த பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

பெரிய கம்பெனியும் மூடும்

"அது சின்ன மையம் மாமா, நான் பெரிய கம்பெனிக்குப் போவேன்"னு மருமகன் சொன்னான். அவனுக்கு ரெண்டு தேதி சொன்னேன்.

2013 பிப்ரவரி. நம்ம பாண்டிச்சேரிப் பையன் புலியோடு படகில் போகும் 'லைஃப் ஆஃப் பை'. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனிக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. ஆஸ்கர் மேடையில் விஷுவல் எஃபெக்ட்ஸ் விருது வாங்கியபோது அந்தக் கம்பெனி ஏற்கனவே திவால் மனு கொடுத்திருந்தது.

2025 பிப்ரவரி. உலகத்தின் மிகப் பெரிய வி.எஃப்.எக்ஸ். குழுமங்களில் ஒன்றான டெக்னிகலர் சரிந்தது. பெங்களூரு, மும்பைக் கிளைகளில் மட்டும் சுமார் 3,000 பேருக்கு திடீரென்று வேலை இல்லை.

அவனைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நாடகக் கம்பெனி கலைந்தபோது கொண்டைய ராஜு என்ன செய்தார்? போட்டோ ஸ்டுடியோ, காலண்டர் என்று கையை வேற பக்கம் திருப்பினார். திருப்புவதற்கு ஒரு கை இருந்தது. பள்ளிக்கூடம் தரவேண்டியது அந்தக் கையை. மலிவான பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் நான் சொல்வது: அந்தப் பள்ளியும் அடுத்துச் சேரும் கம்பெனியும் ரெண்டும் மூடினால்கூட உங்களிடம் எது மிஞ்சும், அதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, இதுதான் கணக்கு. கட்டணச் சீட்டில் இருக்கும் தொகை மட்டும் கணக்கு இல்லை.

அப்ப என்னதான் பண்றது?

இனி வரலாறு போதும், காரியத்துக்கு வருவோம். மருமகனுக்கும் அக்காவுக்கும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அரசுக் கல்லூரி. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நாலு வருசப் பட்டப்படிப்பு. வரைய வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கட்டணம், தனியாரோடு ஒப்பிடவே முடியாது. இடம் குறைவு, போட்டி அதிகம். ஒரு வருசம் தயார் செய்து எழுதினாலும் தப்பில்லை. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்திலேயே மல்டிமீடியா அனிமேஷனுக்கு ஒரு வருடப் பிரிவு உண்டு; பக்கத்து ஐ.டி.ஐ.களில் விசாரிக்கலாம்.

ரெண்டாவது, காசு கட்டும் முன் ஆறு மாசம் வீட்டிலேயே பழகிப் பார்ப்பது. நம்ம காலத்தில் இது முடியாது, மென்பொருள் விலையே வீட்டு விலை. பிளெண்டர் கதை தெரியுமா? அதை நடத்திய கம்பெனி நொடித்தபோது, 2002-ல் உலகம் முழுக்க உள்ள பயனர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டு, கட்டற்ற மென்பொருள் ஆக்கினார்கள். இன்றைக்கும் இலவசம். அதில் செய்த 'ஃப்ளோ' என்ற லாத்வியா நாட்டுப் பூனைப் படம் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. வரைய கிரிட்டா, அதுவும் இலவசம். கேம் எஞ்சின்களையும் காசு கட்டாமல் பழகலாம். நோட்டீஸில் போட்டிருந்த ஒரு வருசக் கட்டணத்தில் ஒரு நல்ல கம்ப்யூட்டரே வாங்கலாம்.

மூணாவது, தனியார் மையம்தான் என்றால் மாடிப்படி ஏறிக் கேட்க வேண்டிய கேள்விகள்:

- வாசல் டிராகனைப் பார்க்காதீங்க. போன வருசம் முடித்த பிள்ளைகள் செய்த வேலையைக் காட்டச் சொல்லுங்க. அதில் ரெண்டு பேரிடம் நேரில் பேசணும். தயங்கினால் இறங்கி வந்துடுங்க.
- சொல்லிக் கொடுப்பவர் எந்தப் படத்தில், எந்த கேமில் வேலை பார்த்தார்? நேற்று அங்கேயே படித்தவர் இன்றைக்கு வாத்தியாரா?
- வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பென்சில்? மென்பொருள் பட்டன் மட்டும் சொல்லித் தருவதாக இருந்தால் அது இணையத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது.
- கட்டணம் மாசாமாசம் கட்ட முடியுமா? மொத்தமும் கடனாகப் போட்டு முதல் நாளே வாங்கிக்கொள்வது என்றால் வேண்டாம். நடுவில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கணும்.
- பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம், அது இங்கே நடத்த அனுமதி உண்டா? யூ.ஜி.சி. தளத்தில் நாமே பார்க்கணும்.
- "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்றால் என்ன வேலை? படச் சட்டகத்தில் ஆளைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டும் 'ரோட்டோ' வேலையா? பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள், தப்பில்லை. ஆனா செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைப்பதும் அங்கேதான். அதோடு நிற்கக்கூடாது.

கடைசியா ஒண்ணு. நல்ல ஸ்டுடியோக்கள் ஆளை எடுக்கும்போது முதலில் பார்ப்பது ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் ஓடும் ஷோரீல். கோவில்பட்டியில் அச்சகத்துக்காரர் படத்தைத் திருப்பி அனுப்பின அதே பரீட்சைதான்.

மருமகன் என்ன செஞ்சான்?

இதையெல்லாம் கேட்டுட்டு அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. நோட்டீஸ்ல இருந்த ஏ.சி. அறை அவன் கண்ணுல இருந்துச்சு போல. வீட்டுல கிடந்த ஒரு 80 பக்க நோட்டைக் கொடுத்து, "ஓரத்துல ஒரு பந்து வரை. பக்கத்தைப் புரட்டினா அது துள்ளணும். அடுத்த ஞாயிறு கொண்டா"ன்னேன். அனிமேஷன்காரர்கள் எல்லாருக்கும் முதல் பாடம் அதுதானாம்.

கொண்டுவந்தான். பந்து துள்ளல, பலூன் மாதிரி மிதந்துச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். "கீழ விழும்போது வேகம் கூடணும்ல மாமா, படத்துக்குப் படம் தூரம் போதல"ன்னு அவனே சொன்னான். நான் ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் மூணு நோட்டு. மூணாவதுல பந்து தரையில சப்பையாகி எழுந்துச்சு. அதுக்கு அடுத்த வாரம், மேலூர் பஸ் ஸ்டாண்டுல பூக்கூடை தூக்கிட்டுப் போற ஒரு பாட்டி நடை. இடுப்பு சாயுற விதம் அப்படியே இருந்துச்சு.

இப்போ அரசுக் கல்லூரித் தேர்வுக்குத் தயாராகிறான். கிடைக்கலைன்னா அந்தக் கேள்விப் பட்டியலோடு மாடிப்படி ஏறுவோம்னு பேச்சு. மச்சான் மட்டும் "ஒரு வருசம் வீணாப் போகுதே மாப்ள"ன்னு முனகிக்கிட்டு இருக்கார். அவர் பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பாட்டி நடையைப் பார்த்த அக்கா, சங்கிலியை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம்னு சொல்லிட்டா.

பி.கு.: மதுரை, விருதுநகர், தேனி, சிவகங்கைப் பக்கம் பேனர் எழுதின பழைய மாஸ்டர்கள் யாராவது ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தர்றாங்களா? தெரிஞ்சா பின்னூட்டத்துல ஊரை மட்டும் சொல்லுங்க. மருமகனைக் கூட்டிட்டு நானே வர்றேன்.